ஆறாம் எண் இரத்தம்

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒரு பெண் என்னிடம், "மேடம், நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையாமே?" என்று கேட்டாள். யாரோ நன்றாக அளந்துவிட்டிருக்கிறார்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை என்பது உண்மைதான். ஒன்றை நானே திரும்ப வாங்கினேன். அந்தக் கதையை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் நானே இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி என்னை யார் என்ன செய்ய முடியும்? எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெட்டாலிங் ஜெயாவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு இரண்டு மாடிக் கட்டடம்தான் எங்கள் ஆய்வுக்கூடம். மொத்தம் பதினான்கு பேர். மிளகாய்த்தூளில் சாயம் கலந்திருக்கிறதா, நிலக்கடலையில் பூஞ்சை விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தினப்படி வேலை. கடலை மூட்டை மூட்டையாக வரும். அரைப்போம், கரைப்போம், எண்ணை எழுதி அனுப்புவோம். அரைக்கிற நாட்களில் கட்டடம் முழுக்கக் கடலை வாசனை அடிக்கும். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து ஒரு பிஸ்கட் கம்பெனி வந்தது. சோயா மாவுக்குப் பதிலாக லூப்பின் என்ற ஒரு பயற்றின் மாவை ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்திருந்தார்கள். நம் ஊரில் அதுவரை யாரும் வாயில் வைத்திராத பயறு. புரதம் அதிகம். அந்த பிஸ்கட்டை முதலில் பந்திங் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிறகு கடைக்குக் கொண்டுவருவது அவர்கள் திட்டம். எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். இதைச் சாப்பிட்டு எந்தப் பிள்ளைக்காவது உடம்பு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைக்குமா?

இந்தக் கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடமும் 'அடைக்காது' என்று சத்தியம் செய்ய முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. செயற்கை வயிற்று அமிலத்தில் அந்தப் புரதம் கரைகிறதா என்று பார்க்கலாம். அதைப் போன்ற உணவு ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தம் அந்தப் புரதத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். பிடித்தால், அந்தப் புரதத்தை ஏற்றிய காகிதம் போன்ற மெல்லிய படலத்தில் கறுப்பாகக் கோடு விழும். சோயா ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தம் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது. கடலை ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தமும் கிடைத்திருக்கும். வேண்டாம் என்று சொன்னவள் நான். அது வெள்ளைக்காரர் வியாதி, நம் ஊரில் தெருவுக்குத் தெரு கடலை விற்கிறோம், நமக்கா வரப்போகிறது என்று நினைத்தேன். படித்தவளுடைய புத்தி அப்படி இருந்தது.

இதோடு இன்னொரு இரத்தமும் வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத சாதாரண ஆட்களுடையது. நோயாளியின் இரத்தத்தில் கோடு விழுந்தால் அது உண்மையான கோடா என்று தெரிய, பக்கத்தில் இவர்களுடையது வெறுமையாக இருக்க வேண்டும். நாங்கள் அதைச் 'சும்மா இரத்தம்' என்போம். வேறு எங்கே தேடுவது? கட்டடத்தில் இருந்தவர்களையே வரிசையில் நிறுத்தினோம்.

பிரிக்பீல்ட்ஸ் க்ளினிக் ஒன்றிலிருந்து தாதி வந்தார். தேநீர் அறையில் பலகை போட்டு, ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். எங்கள் பாஸ் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று முதல் ஆளாகவே வந்து உட்கார்ந்தார். அவர் சீனர். ஆங்கிலத்தையும் மலாயையும் கலந்து பேசுவார். நான் தமிழில் தருகிறேன், பேச்சுக்கு வாலாக அவர் ஒட்டுகிற 'லா'வை மட்டும் விட்டுவைக்கிறேன். நடுவில் வர வேண்டிய குமாஸ்தா ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். "ஆறு பேர் வேணும் லா, யாராவது வாங்க" என்று பாஸ் சத்தம் போட, கண்ணாடிக் குப்பிகள் கழுவும் லெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன், எல்லோரும் நின்றுகொண்டிருக்க, சத்தமாக.

"லெட்சுமி, சாப்பாட்டுல எதுவும் ஒத்துக்காம போறது உண்டா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நான் எல்லாம் சாப்பிடுவேன்."

'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். கணவர் ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். எங்களோடு நான்கு வருடமாக இருந்தார். குப்பி கழுவும்போது இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வார். அமில வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். அவருடைய விரதங்கள் ஆய்வுக்கூடத்தில் பிரசித்தம். பாஸ் காஜாங்கிலிருந்து சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சி வாங்கி வந்தால் லெட்சுமிக்கு விரதம். யாராவது அப்பாம் பாலிக் என்ற மடித்த இனிப்பு அப்பம் வாங்கி வந்து பிட்டுக் கொடுத்தால் அன்றும் விரதம். "என்ன லெட்சுமி, இன்னிக்கு எந்த சாமிக்கு?" என்று நான் கேலி செய்வேன். "எல்லா சாமிக்கும்தான் மேடம்" என்று சிரிப்பார். ஒரு முறை, காலையில் விரதம் என்று பலகாரத்தை மறுத்தவர் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "விரதம் பாதி நாளுக்கு மட்டும்தானா?" என்று அதற்கும் ஒரு கேலி. கேலி செய்யத் தெரிந்தது, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரத்தம் யாருடையது என்று தெரிந்தால் பார்க்கிற கண் சாய்ந்துவிடும் என்பதால், தாதியே வரிசையைக் கலைத்துக் குப்பிகளில் எண் மட்டும் போட்டார். எந்த எண் யார் என்ற பட்டியலை அவரே எழுதிக் கவரில் ஒட்டிக் கொடுக்க, என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். திறந்தால் இருவர் சேர்ந்து திறக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன்.

புதன்கிழமை படலங்கள் வந்தன. சோயாக்காரர்களின் இரத்தம் ஒன்றிலும் கோடு இல்லை. சும்மா இரத்தத்தில் ஐந்து சுத்தம். ஆறாவதில் மட்டும் கரேல் என்று ஒரு கோடு.

எனக்கு வந்தது பயம் அல்ல, எரிச்சல். சனிக்கிழமை ரிப்போர்ட் தர வேண்டும், திங்கட்கிழமை பிஸ்கட் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, இந்த நேரத்தில் இப்படி ஒரு இழவு! இரத்தம் கெட்டுப்போயிருக்கும், குப்பியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். குப்பியைக் கழுவியது யார் என்று நினைத்துப் பார்த்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆறாம் எண்ணை எடுத்துவிட்டு, என் கையிலிருந்தே இரத்தம் எடுக்கச் சொல்லி அதை ஆறாவதாக வைத்தேன். என்னுடையது வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆறும் சுத்தம் என்று எழுதினேன். ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்துப் போடச் சொன்னது பாஸ் இல்லை, கம்பெனிக்காரர் இல்லை. யாரும் என்னை நெருக்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

படலங்களைப் போடும் ரொஹானி என்ற டெக்னீஷியன், "ஆறைத் தூக்கிட்டீங்களா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். கெட்டுப்போன இரத்தம் என்றேன். அவர் குப்பியைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி அதிகாரி கிள்ளானிலிருந்து வந்தார். நம்மவர்தான், கலகலப்பான மனிதர். பெரிய அட்டைப் பெட்டியில் புது பிஸ்கட்டைக் கொண்டுவந்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். நான் மேலே பாஸின் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பாஸையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். பள்ளிகளுக்குப் பிஸ்கட் ஏற்றிப் போகிற லோரி நான்கு மணிக்குப் புறப்படும் என்று போகிற போக்கில் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ரொஹானி படிக்கட்டில் வழிமறித்தார். கையில் ஈரம் காயாத படலம்.

"கோபப்படாதீங்க. உங்ககிட்ட சொல்லாம ஆறாம் நம்பரை மறுபடி போட்டேன்."

"ஏன்?"

"கெட்டுப்போன இரத்தம் எல்லாத்துலயும் ஒட்டும். இதை சோயாவுல போட்டேன், ஒட்டல. கோதுமையில போட்டேன், ஒட்டல. லூப்பின்ல மட்டும் ஒட்டுது. அது கெட்டுப்போகல. அது யாரோ ஒரு ஆள்."

இருவரும் மேலே ஓடினோம். இழுப்பறையைத் திறந்து, கவரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரித்தோம். அந்த நிலைமையிலும் கையெழுத்தை மறக்கவில்லை, பழக்க தோஷம். ஆறு என்ற எண்ணுக்கு நேரே, தாதியின் கையெழுத்தில், லெட்சுமியின் பெயர்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சாத்தே என்றால் கடலைக் குழம்பு. அப்பாம் பாலிக் என்றால் உள்ளே பொடித்த கடலை. இரண்டு கையுறை, ஈரத் துண்டு. அந்தப் பெண் நான்கு வருடமாகக் கடலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறார், கடலை அரைக்கிற கட்டடத்துக்குள்ளேயே. லூப்பினும் கடலையும் ஒரே குடும்பத்துப் பயறுகள். ஒன்று ஆகாத உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தும் தேடவில்லை.

கழுவும் அறைக்கு ஓடினேன். கையுறைகள் கொடியில் தொங்கின. லெட்சுமி ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். "நான் பார்த்தேன்" என்றார் ரொஹானி. "அந்த ஆள்கிட்ட இதுல கச்சான் இருக்கான்னு கேட்டாங்க. இல்லேன்னதும் வாங்கிப் பையில வச்சாங்க." கச்சான் என்றால் நிலக்கடலை. கேட்கத் தெரிந்தவர் கேட்டிருக்கிறார். சொன்னவரும் பொய் சொல்லவில்லை. பொய் என் ரிப்போர்ட்டில் இருந்தது.

லெட்சுமி வீட்டில் தொலைபேசி கிடையாது. பாஸின் கைத்தொலைபேசி அணைந்திருந்தது. கம்பெனிக்கு அடித்தால் காவலாளி எடுத்து, எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றார். ஒரு பக்கம் லோரி, ஒரு பக்கம் லெட்சுமி. நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. லெட்சுமிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "பாஸ் கிடைக்கிற வரைக்கும் போனை விட்டு எழுந்திரிக்காதீங்க" என்று ரொஹானியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஃபெடரல் ஹைவேயில் சனிக்கிழமை நெரிசல். அன்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. முன்னால் போனவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்களைத் திட்டியதில் பாதி என்னைத்தான் திட்டினேன்.

குவார்ட்டர்ஸுக்கு ஒரு தீபாவளிக்குப் போயிருந்ததால் வீடு தெரியும். கதவு திறந்திருந்தது. லெட்சுமியின் கணவர் வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க! என்ன திடீர்னு? லெட்சுமி, மேடம் வந்திருக்காங்க பாரு."

லெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ. பொட்டலம் பிரிந்திருந்தது.

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"ரெண்டுதான் மேடம். இப்பதான்." குரல் கரகரத்தது. கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. "ஒண்ணும் இல்ல, வெயில்ல வந்தேன்ல..."

"லெட்சுமி, எழுந்திரிங்க. க்ளினிக்குக்குப் போறோம்."

"எதுக்கு மேடம்?" என்றார் கணவர்.

என்ன சொல்வது என்று வாயைத் திறந்தேன். லெட்சுமி என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார், சொல்லாதீர்கள் என்று. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மூச்சு திணறுகிற நேரத்திலும் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பெரிதாக இருந்தது. "வேலையில ஏதோ மருந்து பட்டிருச்சு, ஊசி போடணும்" என்று வாயில் வந்ததைச் சொல்லி லெட்சுமியை இழுத்துக்கொண்டு போனேன், கணவரும் காரில் ஏறிக்கொண்டார்.

இரத்தம் எடுக்க வந்த அதே தாதியின் க்ளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. காரில் அந்த இரண்டு தெருவுக்குள் லெட்சுமியின் உதடு வீங்கிவிட்டது. மூச்சு விசில் அடித்தது. என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. டாக்டர் பார்த்த உடனே தொடையில் ஊசியைப் போட்டார். முகமூடி வைத்து மூச்சு மருந்து கொடுத்தார். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு என்னிடம் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மூச்சு சீரான பிறகு லெட்சுமி கேட்ட முதல் கேள்வி, "என் வேலை போயிருமா மேடம்?"

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தோட்டத்தில் ஏழு வயதில் கச்சான் தின்று சாகக் கிடந்திருக்கிறார். தாயார் வாயைக் கட்டிவிட்டார். பெண்ணுக்கு இப்படி ஒரு சீக்கு என்று தெரிந்தால் யார் கட்டுவான்? யாராவது எதையாவது நீட்டினால் விரதம் என்று சொல், யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கல்யாணம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடுவில் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் கடலை வறுக்கிற பக்கம் மயங்கி விழ, மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறப்பாரா?

"எல்லாரும் திங்கிறதை நானும் ஒரு நாள் தின்னுப் பாக்கலாம்னு ஆசையா இருந்துச்சு மேடம். கச்சான் இல்லேன்னு சொன்னாரா, அதான்."

வெளியே கணவர் தாதியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஒண்ணும் ஆகாது மிஸ்ஸி. எங்க வீட்டுல அவ இருக்கிற விரதத்துக்கு சாமி கைவிடாது."

மணி மூன்றரை. க்ளினிக் தொலைபேசியில் ரொஹானியைப் பிடித்தேன். காவலாளியை நச்சரித்து, அவர்கள் சாப்பிடப் போன கடையின் பெயரை வாங்கி, அங்கே அடித்து பாஸைப் பிடித்து வைத்திருந்தார் அந்த மகராசி. அந்தக் கடையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

"பாஸ், லோரியை நிறுத்தச் சொல்லுங்க. நம்ம ஆள் ஒருத்தர் அந்த பிஸ்கட் சாப்பிட்டு க்ளினிக்ல கிடக்கிறார்."

"ஒரு ஆளா? வழியில் வேறு எதையாவது தின்றிருப்பார் லா. ரிப்போர்ட் சுத்தம்தானே?"

"சுத்தம் இல்லை. ஆறாம் எண்ணில் புதன்கிழமையே கோடு விழுந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்."

"போட்டேன். அந்தக் கையெழுத்து தப்பு. அவரிடம் என் பெயரையே சொல்லுங்கள். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்."

"யார் அந்த ஆறாம் எண்?"

முகமூடிக்கு மேலே லெட்சுமியின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

பாஸுக்குச் சேர வேண்டிய பெருமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து விருந்து கொடுக்கிறவரிடம், உன் லோரியை நிறுத்து என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சொன்னார். லோரி கிளம்பவில்லை. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் வரவும் இல்லை.

திங்கட்கிழமை காலை பாஸின் மேசை மேல் என் ரிப்போர்ட் கிடந்தது. என் ராஜினாமாக் கடிதத்தையும் அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"கவரைக் கொடு."

"முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த ஆளை என்ன செய்வீர்கள்?"

"இந்தக் கட்டடத்தில் தினமும் கடலை அரைக்கிறோம். அந்த ஆள் இங்கே செத்தால் யார் பதில் சொல்வது? போகச் சொல்ல வேண்டியதுதான் லா. அவர் நல்லதுக்குத்தான்."

இதில் என்ன கஷ்டம் என்றால், அவர் சொன்னது நியாயம். நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கிறேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணைத் திரும்பவும் கடலைத் தூசிக்குள் அனுப்புகிறேன். கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் தட்டிவிட்டு லெட்சுமி உள்ளே வந்தார். முகம் இன்னும் லேசாக உப்பியிருந்தது. டாக்டர் கொடுத்த விடுப்புக் கடிதம் கையில் மடித்தபடி இருந்தது.

"பாஸ், நொம்போர் எனாம், சாயா" என்றார். ஆறாம் எண் நான்தான் என்று.

பிறகு எனக்காக மலாயில் ஏதேதோ சொன்னார். பொய் சொன்னது நான், மேடம் இல்லை, மேடத்தை ஒன்றும் செய்யாதீர்கள் என்று. பாஸ் அவரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னார்.

கதவு சாத்தியதும் நான் பேசினேன். எப்படி வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை.

"பாஸ், இன்றைக்கு லெட்சுமியை அனுப்புங்கள். நாளைக்கு இன்னொரு புதுப் புரதம் வரும். நான் திரும்பவும் படிவத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் கேட்பேன். லெட்சுமிக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யார் எனக்கு உண்மையைச் சொல்வார்கள்? அத்தனை பேரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். அந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன ரிப்போர்ட் எழுத? அவரைக் கடலைப் பக்கத்திலிருந்து எடுங்கள். வேலையிலிருந்து எடுக்காதீர்கள்."

பாஸ் எழுந்துபோய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இறால்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இறால். முப்பது வருஷமாக. கிளையண்ட் எங்கே கூப்பிட்டாலும் கடல் சாப்பாடு. மூட்டுவாதம், டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லித் தப்பிக்கிறேன். என் மனைவிக்கே தெரியாது லா."

இரண்டாம் எண் அவருடையது. படிவத்தில் அவரும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தார், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்துகொண்டு.

என் ராஜினாமாக் கடிதத்தை என் பக்கமே தள்ளிவிட்டு, லெட்சுமியை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "இங்கே வேலை இருக்கிறது, போகாது. இப்போது சொல், உனக்கு என்னென்ன ஆகாது?" என்று மலாயில் கேட்டார். லெட்சுமி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தை இன்னும் சிறிதாக மடித்தார்.

"நீ வெளியே போ" என்றார் பாஸ் என்னிடம்.

போனேன். நீங்கள் இன்று ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கால் மணி நேரம் கேட்கிறீர்களே, வேலை இழுக்கிறது என்று சலித்துக்கொள்கிறீர்களே, அது ஆரம்பித்த இடம் அதுதான். முதல் முறை கதவுக்கு வெளியே நின்றவள் நான். கதவு திறந்தபோது தாளில் ஏழு வரி இருந்தது. முதல் வரி கடலை. நான்கு வருடம் தினமும் பார்த்துச் சிரித்துப் பேசிய பெண்ணைப் பற்றி, மற்ற ஆறு வரியையும் நான் அன்றுதான் படித்தேன்.